சங்கு நேரத்து மாத்திரை

ஜூன் 9, திங்கள்

விடிகாலையிலேயே புழுக்கம். ஜன்னல் விளிம்பில் கரித்தூள். துடைத்தேன்.

என் வீட்டுக்காரி ரெஜினா மலேசியா கிளம்ப இன்னும் மூன்று நாள். ஐந்து நாள் டூராம். எங்கள் பிளாக் பெண்கள் பதினோரு பேர். பாதிப் பேர் வடலூர் பஸ் ஸ்டாண்டில் தனியாக நின்றால் அழுதுவிடுவார்கள். பாஸ்போர்ட்டை எடுத்து விசிறிக்கொள்கிறார்கள். தலைவி யார் என்றால் எதிர் குவார்ட்டர்ஸ் பொன்னி. முத்தாண்டிக்குப்பத்துப் பெண். பேசினால் இரண்டு தெருவுக்குக் கேட்கும். இவள் தலைமையில் வெளிநாடு! உருப்பட்ட மாதிரிதான்.

என்னையும் வரச் சொன்னாள் ரெஜினா. மாட்டேன் என்றுவிட்டேன். காசு கொடுத்து வயிற்றுப்போக்கு வாங்கி வர எனக்கென்ன தலையெழுத்தா?

நெய்வேலி மைன்ஸில் பாதுகாப்புப் பிரிவில் இத்தனை வருடம் குப்பை கொட்டியிருக்கிறேன். முன்னெச்சரிக்கை பற்றி இந்தப் பிளாக்கில் என்னைத் தவிர யாருக்கு என்ன தெரியும்? நாளைக்கு ஒரு வகுப்பு எடுத்துவிட வேண்டியதுதான்.

காஸ் புக் பண்ண வேண்டும். மறக்கக் கூடாது.

ஜூன் 10, செவ்வாய்

சாயங்காலம் பதினோரு பேரையும் வாசலில் நிற்க வைத்தேன். சொன்னவை:

மூடி உடைக்காத பாட்டில் தண்ணீர் மட்டும். ஐஸ் கூடவே கூடாது.
நறுக்கி வைத்த பழம் வேண்டாம்.
பாஸ்போர்ட் நகல் தனிப் பையில். காப்பீட்டுத் தாள் கைப்பையில்.
யார் பொட்டலம் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.
ஒருத்தர் வாய் வைத்ததை இன்னொருத்தர் தின்னக் கூடாது.
கொசு கிரீம், மருந்துச் சீட்டு.

ஐந்து நிமிஷத்தில் இரண்டு பேர் கொட்டாவி. ஒருத்தி புடவை விலை பேசிக்கொண்டிருந்தாள். மாடுகளுக்குச் சொல்லியிருக்கலாம், தலையாவது ஆட்டும்.

முடிவில், ஷிப்ட் ஏறுமுன் நாங்கள் எடுப்பது போல, வலது கையை நீட்டி உறுதிமொழி எடுக்கச் சொன்னேன். ‘பாதுகாப்பாகப் போவேன், பாதுகாப்பாகத் திரும்புவேன்.’ பொன்னி நடுவில் சிரித்துவிட்டாள். உடனே எல்லாம் சிரித்தன.

“சார், நாங்க ஊரு பாக்கப் போறமா, குழியில எறங்கப் போறமா?”

ரெஜினா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

பொன்னி மறுபடியும்: “பஸ்ல வாந்தி வந்தா?”

மாத்திரை இருக்கிறது என்றேன்.

“எனக்கு எதுக்கு சார் மாத்திர? கமர்கட் வெச்சிகினு போவேன். ஒண்ண வாயில ஒதுக்கிகினா வாந்தியே வராது.”

மலேசியாவுக்குக் கமர்கட். அடக் கடவுளே.

ஜூன் 11, புதன்

நான் கட்டி வைத்த முதலுதவிப் பெட்டியிலிருந்து பாதியை எடுத்துவிட்டு ரெஜினா முறுக்கு வைத்திருக்கிறாள். சத்தம் போட்டேன். முறுக்கு வெளியே, பஞ்சு உள்ளே. நான் அந்தப் பக்கம் போனதும் மறுபடி முறுக்கு உள்ளே.

முக்கியமானது அவளுடைய சர்க்கரை மாத்திரை. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் என்று டாக்டர் சொன்னது. அதை ஒழுங்குக்குக் கொண்டுவந்தவன் நான். மைன்ஸில் காலை ஆறு மணிச் சங்கு ஊதும். தம்ளரும் மாத்திரையுமாக அவள் முன்னால் போய் நிற்பேன். அரை மணியில் இட்லி. ஒரு நாள் தவறியதில்லை.

அங்கே நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னால். இவள் குழம்பிவிடுவாள். ஆகவே வாட்சைத் தொடக் கூடாது, நெய்வேலி நேரத்திலேயே இருக்கட்டும் என்றேன்.

“அங்க சங்கு ஊதாதுங்களே.”

“வாட்ச்தான் உனக்குச் சங்கு. ஆறு அடிக்கும்போது மாத்திரை. அதுக்கு முன்னால ஒரு வாய் உள்ள போகக் கூடாது.”

“போற எடத்து நேரத்துக்கு மாத்திக்கணும்னு பொன்னி சொன்னா.”

“பொன்னி எந்த காலேஜ்ல படிச்சா?”

இரண்டு முறை திருப்பிச் சொல்ல வைத்தேன். சொன்னாள்.

ஜூன் 12, வியாழன்

வெயில் கொளுத்துகிறது. மூன்று மணிக்கு வேன். பதினோரு பேருக்கு முப்பது மூட்டை. டிரைவர் தலையில் அடித்துக்கொண்டான். பொன்னி கமர்கட் பொட்டலத்தை ஜன்னல் வழியாக ஆட்டிக் காட்டினாள், எனக்காகவே.

ராத்திரிக்கு ரெஜினா ரசம் வைத்திருந்தாள். சுடவைக்கவில்லை, அப்படியே சாப்பிட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

சங்கு ஊதியதும் தம்ளரில் தண்ணீர் பிடித்துவிட்டேன். பிறகுதான் ஞாபகம் வந்தது. நானே குடித்தேன்.

வாட்ஸப்பில் போட்டோ வருகிறது. போய் இறங்கிய சூட்டோடு சிவப்பாக எதையோ குடிக்கிறார்கள். மேலே மிதப்பது ஐஸ். பெரிதாக்கிப் பார்த்தேன், ஐஸேதான். ரெஜினா கையில் தண்ணீர் பாட்டில். அதுவரைக்கும் சரி.

காஸ் புக் பண்ணவில்லை.

ஜூன் 14, சனி

மதியம் கேன்டீனில் இருக்கும்போது பொன்னியின் வாய்ஸ் மெசேஜ். வழக்கமான கூச்சல் என்று திறக்காமல் சாப்பிட்டு முடித்தேன். பிறகுதான் கேட்டேன்.

“சார், பயந்துடாதீங்க. அக்கா இப்ப நல்லாத்தான் இருக்காங்க.”

நடந்தது இது. ஓட்டலில் ஏழு மணிக்கு நாஷ்டா. ரெஜினா வாட்சில் நாலரை. மாத்திரைக்கு முன்னால் தின்னக் கூடாதே என்று சர்க்கரையில்லாத கடுங்காப்பி மட்டும். ஓட்டல்காரன் கட்டிக் கொடுத்த ரொட்டி கையில் இருந்திருக்கிறது. எட்டரைக்கு, அதாவது அவள் வாட்சில் ஆறுக்கு, ஓடுகிற பஸ்ஸில் மாத்திரை போட்டாள். பஸ்ஸுக்குள் சாப்பிட விடுவதில்லையாம். வழியெல்லாம் நெரிசல். முருகன் கோயிலில் இறங்கியதும் வழிகாட்டிப் பையன், வெயில் ஏறுமுன் முதலில் படி ஏறுங்கள் என்றிருக்கிறான். ஏறிவிட்டாள். மாதா கோயில் போகும் வேதக்காரிக்கு முருகன் படியில் என்ன வேலை?

“பாதிப் படியில ஒக்காந்துட்டாங்க சார். வேர்த்துக் கொட்டுது, கைகாலெல்லாம் ஒதறுது. என்னியப் பாத்து, சங்கு ஊதிடுச்சா, சங்கு ஊதிடுச்சாங்கிறாங்க. எங்க மாமியாருக்கும் சுகருங்களா, அதான் சுகரு எறங்கிடுச்சின்னு புரிஞ்சுது. கமர்கட்ட முந்தானையில வெச்சி காக்காக்கடி கடிச்சி, தூளாக்கி, முழுங்கறாங்களான்னு பாத்துப் பாத்து நாக்குல வெச்சேன். அதுக்குள்ள அந்தப் பையன் ஜூஸ் வாங்கிகினு ஓடியாந்தான். ஐஸ் போட்டதுதான் சார். திட்டாதீங்க.”

மூன்று முறை கேட்டேன். டாக்டரிடமும் காட்டிவிட்டார்களாம்.

பயந்துபோனேன். எழுதினால் என்ன, யார் பார்க்கப் போகிறார்கள். ரொம்பப் பயந்துபோனேன்.

மைன்ஸில் விபத்து என்றால் முதலில் காரணம் எழுதுவோம். எழுதிப் பார்த்தேன். அந்த வழிகாட்டி, முட்டாள். பஸ்காரன், அவனுக்கு மேல். மூன்றாவது காரணம் எனக்குத் தெரியும். பேனாவை மூடிவிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

பூசைக்குப் போய் வந்தேன். பிரசங்கம் வளவள. பிறகு ரெஜினாவிடம் பேசினேன். குரல் தெளிவு.

“வாட்ச மாத்திட்டேங்க.”

“பொன்னி மாத்தினாளா?”

“இல்ல. நானே.”

சரி என்றேன். வடலூர் போய் கமர்கட் ஒரு பொட்டலம் வாங்கினேன். பேரப்பிள்ளைக்கா சார் என்றான் கடைக்காரன். அதிகப்பிரசங்கி.

ஜூன் 17, செவ்வாய்

வந்துவிட்டாள். இளைத்திருக்கிறாள், முகம் கறுத்திருக்கிறது. மூட்டைகள் முப்பது போய் நாற்பதாகியிருக்கின்றன. வேன் பக்கத்திலேயே பொன்னியிடம் பொட்டலத்தை நீட்டினேன். நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“யாரு பொட்டலம் குடுத்தாலும் வாங்கக் கூடாதுன்னு சொன்னீங்களே சார்?”

தெருவே சிரித்தது. வாங்கிக்கொண்டாள்.

ஜூன் 18, புதன்

மேகமூட்டம். சங்கு ஊதியது. தம்ளரும் மாத்திரையுமாக அடுக்களைக்குப் போய் நின்றேன். ரெஜினா இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

“அங்க வெச்சிட்டுப் போங்க. சாப்பாட்டு நேரம் பாத்து நானே போட்டுக்கறேன். பசிக்கிறது எனக்குங்க, உங்க சங்குக்கு இல்ல.”

வைத்தேன். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது, நான் போய்த்தான் இன்றைக்கு உறுதிமொழி சொல்லித்தர வேண்டும்.