சுற்றுகிறது, ஆனால் தேய்க்கவில்லை

திங்கட்கிழமை

அன்புள்ள சிட்டுவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். நானும் உன் அண்ணனும் சுகம். நீ நடுக்கடலில் இருக்கும்போது போன் போட்டால் கிடைப்பதில்லை. அதனால்தான் உன் கப்பல் கம்பெனியின் விலாசத்துக்கு எழுதுகிறேன். கிடைத்திருந்தாலும் பேசியிருப்பேனா என்பது சந்தேகம். நீ கிளம்பிய அன்று வழியனுப்பக்கூட நான் வரவில்லை. அந்தக் கோபம் இன்னும் பாதி மிச்சமிருக்கிறது. மறைத்து எழுத எனக்கு வராது.

விஷயம் இதுதான். நம் கால் நகக் கடை மேஜையின் இழுப்பறையில், நகம் தேய்க்கும் மிஷினில் மாட்டுகிற பிட்டுப் பெட்டி ஒன்று வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். மூடியில் 'அண்ணிக்கு மட்டும்' என்று எழுதி ஒட்டியிருக்கிறாய். திறந்தால் பதினோரு பிட்டு, எல்லாம் பளபளவென்று புதுசு. பரவாயில்லையே, நாத்தனாருக்கு மூன்று வருஷம் சேர்ந்து கடை நடத்திய பாசம் கொஞ்சம் இருக்கிறதே என்று நினைத்தேன். மிஷினில் மாட்டிப் பார்த்தபிறகுதான் தலை சுற்றியது.

பச்சை வளையம் முரடு, நீலம் நடுத்தரம், சிவப்பு மென்மை என்று நீதானே எனக்குப் பாடம் எடுத்தாய். பழக வைத்திருக்கும் பிளாஸ்டிக் நகத்தை எடுத்து, பச்சை வளையம் போட்ட பீப்பாய் வடிவப் பிட்டை வைத்து அழுத்தினேன். சுற்றுகிறது, ஆனால் தேய்க்கவில்லை. தூளே வரவில்லை, சூடுதான் வருகிறது. நம்மிடம் இருக்கும் பழைய சிவப்பு அதைவிட நன்றாக வேலை செய்கிறது. சரி, பெட்டி மொத்தமும் மட்டம் போலிருக்கிறது என்று மற்றதையும் போட்டுப் பார்த்தேன். நாலு பிட்டு ஒழுங்காகத் தேய்க்கிறது. ஏழு சும்மா வழுக்குகிறது. இதற்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

உன் அண்ணனிடம் காட்டினேன். சுத்துதுல்ல, அப்புறம் என்ன, இன்னும் கொஞ்சம் அழுத்து என்றார். அவரிடம் கேட்டதே என் தப்பு.

வியாழக்கிழமை கண்டக்டர் ஐயா வருகிறார். அவர் கட்டைவிரல் நகம் எப்படி மாட்டுக் கொம்பு மாதிரி தடித்திருக்கும் என்று உனக்குத் தெரியும். சர்க்கரையில் காலில் உணர்ச்சியே இல்லை. பிட்டு சூடேறிச் சுட்டாலும் அவருக்குத் தெரியாது. புண்ணாகிவிட்டால் அந்தக் கால் என்ன ஆகும்? கப்பல் பயணிகளின் காலுக்கென்று உன்னுடைய நல்ல பிட்டையெல்லாம் நீ கொண்டுபோய்விட்டாய். கடையின் பழைய பச்சையில் பல் மழுங்கிவிட்டது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

செவ்வாய்க்கிழமை

நேற்று கடிதத்தை முடிக்காமல் வைத்துவிட்டேன். நல்லதுதான், சொல்ல வேண்டியது இன்னும் இருக்கிறது.

நீ வேண்டுமென்றே செய்தாயோ என்று தோன்றுகிறது. தோன்றுவதை எழுதிவிடுகிறேன். உதவாத பிட்டை 'அண்ணிக்கு மட்டும்' என்று வைத்துவிட்டுப் போனால் வேறென்ன அர்த்தம்? உங்களுக்கு இது போதும் என்று குத்திக்காட்டுகிறாயா?

அன்றைக்கு நடந்தது உனக்கு மறந்திருக்காது. இதே கண்டக்டர் ஐயாதான் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நான் குனிந்து தேய்த்துக்கொண்டிருந்தேன். நீ பின்னால் வந்து நின்று, அண்ணி, உங்க இடது கைக்கு இந்த மிஷின், என்று ஆரம்பித்தாய். அதற்குமேல் நான் கேட்கவில்லை. வெளியாள் முன்னால் என் கையைப் பற்றிப் பேச நீ யார், கப்பல் வேலை கிடைத்ததும் கொம்பு முளைத்துவிட்டதா என்று கத்திவிட்டேன். நீ டவலை மடித்து வைத்துவிட்டு வெளியே போய்விட்டாய். அடுத்த நாலாம் நாள் கப்பல் ஏறிவிட்டாய்.

நான் இடது கையால் எழுதினால் பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஸ்கேலால் அடிப்பார். அடித்ததில் எழுத்து மட்டும் வலது கைக்கு மாறியது. கத்தி, கத்தரிக்கோல், மிஷின் எல்லாம் இன்றைக்கும் இடது கைதான். அந்தக் கையைப் பற்றி யார் வாயெடுத்தாலும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது. உனக்கு இது தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

புதன்கிழமை

சிட்டு, மேலே எழுதியதைக் கிழித்துப் போடலாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். போடவில்லை. உன் அண்ணி எப்படிப்பட்டவள் என்று நீ படித்தே தெரிந்துகொள்.

மிஷின் ரிப்பேர்காரரை வரச்சொல்லியிருந்தேன். மிஷினுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று அவரிடம் கொடுத்தேன். அவர் மிஷினைப் பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை. பிறகு அந்தப் பச்சைப் பிட்டை எடுத்து, பூதக்கண்ணாடியில் பார்த்தார். பழையதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்து, நீங்க இடது கையாம்மா என்று கேட்டார். நான் வழக்கம்போல முறைத்தேன்.

மனுஷர் பயப்படாமல் கண்ணாடியை என் கையில் கொடுத்தார். பழைய பிட்டில் பல்லெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. நீ வைத்ததில் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறது. இது இடதுகைக்காரங்களுக்குன்னே செய்யறது, மிஷினைத் திருப்பிச் சுத்தவிட்டாத்தான் வெட்டும் என்றார். தேய்த்த அந்த நாலும் பல் இல்லாமல், மேலே மணல் மாதிரி பொடி ஒட்டியவை. அதற்கு எந்தப் பக்கம் சுற்றினாலும் ஒன்றுதானாம்.

மிஷினில் திருப்பிச் சுற்றவிடும் பட்டன் எங்கே என்று தேடினால், நான் பிளாஸ்திரி போட்டு மூடிய அதே பட்டன். வாங்கிய அன்று விற்பனைக்காரன் இதைத் தொடாதீங்க என்று சொன்னான். நான் மூன்று வருஷமாகத் தொடவில்லை.

பிளாஸ்திரியைப் பிய்த்து, பட்டனைத் தட்டி, பிளாஸ்டிக் நகத்தில் வைத்தேன். அழுத்தவே வேண்டியிருக்கவில்லை. இத்தனை நாளும் தூள் என் முகத்துக்கே வரும். இன்றைக்கு எதிர்ப்பக்கம் போய் டவலில் விழுந்தது. பிட்டு ஒரு பக்கம் இழுக்க, நான் ஒரு பக்கம் இழுக்க, தினமும் மணிக்கட்டில் தைலம் தேய்த்துக்கொண்டு படுப்பேனே, அது வேலையின் வலி என்றுதான் நினைத்திருந்தேன். நீ அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாய்.

வியாழக்கிழமை

கண்டக்டர் ஐயா வந்துவிட்டுப் போனார். முதலில் என் நகத்திலேயே வைத்துப் பார்த்துக்கொண்டேன். பிறகு வேகத்தைக் குறைத்து வைத்து, பச்சையில் ஆரம்பித்து நீலத்துக்கு வந்தேன். நகத்தின் ஓரத்துக்குச் சிவப்பு. நொடிக்கொரு தரம் விரலை வைத்து சூடு பார்த்தேன். சூடே இல்லை. அவர் பாதியில் தூங்கிவிட்டார். எழுந்து காலைப் பார்த்துவிட்டு, அந்தப் பொண்ணு எங்கம்மா, அன்னிக்கு ஏதோ சொல்ல வந்துச்சே என்று கேட்டார். கப்பலில் இருக்கிறாள் என்று மட்டும் சொன்னேன்.

குழப்பம் தீர்ந்ததா என்று கேட்டால், இல்லை. பிட்டுக் குழப்பம்தான் தீர்ந்தது. இந்த மாதிரிப் பிட்டு கடையில் சும்மா கிடைக்காது, சொல்லிவைத்து வாங்கணும், வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்று ரிப்பேர்காரர் சொன்னார். அப்படியென்றால் நான் உன்னைத் திட்டுவதற்கு முன்னாலேயே நீ சொல்லிவைத்துவிட்டாய். அதுவரை புரிகிறது. ஆனால் மூடியில் அந்தச் சீட்டை எப்போது ஒட்டினாய்? திட்டு வாங்குவதற்கு முன்னாலா, பின்னாலா? பின்னால் என்றால், அவ்வளவு பேச்சையும் கேட்டுவிட்டு எப்படி உனக்கு 'அண்ணிக்கு' என்று எழுத மனசு வந்தது? அது எனக்குப் புரியவே இல்லை. பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அந்தச் சீட்டைத்தான் பார்க்கிறேன். அழுகையும் வருகிறது, உன்மேல் கோபமும் வருகிறது. பட்டனைத் திருப்பு என்று ஒரு வரி சேர்த்து எழுதினால் உன் கை தேய்ந்தா போய்விடும்? ஆனால் வாயைத் திறந்தவளை நான்தானே மூட வைத்தேன்.

தப்பு என்னுடையது, சிட்டு. உன் அண்ணனிடமும் சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அங்கே நாளெல்லாம் குனிந்து உட்கார்ந்து இடுப்பைக் கெடுத்துக்கொள்ளாதே. ஊரார் காலையெல்லாம் பார்க்கிற நீ, உன் காலையும் பார்த்துக்கொள். உன் ஸ்டூலில் யாரையும் உட்காரவிடவில்லை. போன இடத்தில் நல்லபடியாக இரு. துறைமுகம் எதிலாவது கப்பல் நின்றால் எனக்கு ஒரே ஒரு வரி எழுது. அண்ணி, உங்க இடது கைக்கு இந்த மிஷின் என்று அன்றைக்கு ஆரம்பித்தாயே, அதன் மீதியை எழுது. இந்தத் தடவை முழுசாகக் கேட்பேன்.

உன் வரியை எதிர்பார்த்திருக்கும்,
இடதுகை அண்ணி