முன்மேசையில் ஒரு பீங்கான் சோறு

கட்டுகஸ்தோட்டை
ஜூன் 14, ஞாயிறு காலை

அன்பு மகன் அர்கமுக்கு உம்மா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இன்று சுபஹு தொழுதுவிட்டு முதல் வேலையாக இரண்டு கையிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு ஒரு பெரிய பலாக்காயைப் பிளந்து சுளை எடுத்தேன். எவ்வளவு எண்ணெய் தடவினாலும் பால் விரலிடுக்கில் ஒட்டத்தான் செய்கிறது, அந்தப் பிசுபிசுப்போடுதான் பேனையைப் பிடித்திருக்கிறேன், தாளில் கறை தெரிந்தால் உம்மா அழுதிருக்கிறாள் என்று நினைத்துவிடாதே. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அந்தக் குளிர் ஊரில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் ஒவ்வொரு தொழுகையிலும் என் துஆ. கையில் போன் இருக்க ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் உன்னோடு பேசும்போதெல்லாம் வாப்பா பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார், நான் வாயைத் திறக்க முன்னர் “ஒண்ணுமில்ல மகன், எல்லாம் நல்லம்” என்று அவரே பதில் சொல்லிவிடுகிறார். லீவில் வந்திருந்த உன் கூட்டாளி ஷிராஸ் வியாழக்கிழமை ஜப்பானுக்குத் திரும்புகிறான், உனக்கு ஒரு பார்சல் கொண்டுவருவதாகச் சொன்னான், இந்தக் கடிதத்தை அதற்குள் வைக்கிறேன். அத்தோடு வாப்பாவும் ஒரு விஷயத்தை எழுதச் சொல்லியிருக்கிறார். நீ படிப்பை ஒரு வருடம் நிறுத்திவிட்டு வந்து நம் சாப்பாட்டுக் கடையைப் பார்க்க வேண்டுமாம். “நான் சென்னா யோசிப்பான், உம்மா எழுதினா வருவான்” என்றார். பதறாதே மகன், முழுக்கப் படி. அது எப்படி வந்தது என்பதையும் நான் என்ன நினைக்கிறேன் என்பதையும் ஒழுங்காகச் சொல்கிறேன்.

முதலில் பார்சலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துபோவேன். கண்டி மார்க்கட்டுக்குப் பக்கத்துக் கடையொன்றில் ஒரு சின்ன இரும்புத் தாச்சி கண்டேன், ஒரு ஆளுக்கு அளவானது, பிடியும் மரத்தில் இருக்கிறது. பழக்கிய தாச்சியாக இருக்கட்டும் என்று மூன்று நாள் அதில் துருவிய தேங்காய்ப்பூ வறுத்து எண்ணெய் குடிக்க வைத்துத்தான் அனுப்புகிறேன், சவர்க்காரம் போட்டுத் தேய்க்காதே, சுடுதண்ணீரில் கழுவித் துடைத்து வை. வறுத்த கறித்தூள் ஒரு போத்தல், மாசிக் கருவாட்டுத் தூள் ஒரு போத்தல், காய வைத்த ரம்பை இலையும் கறிவேப்பிலையும் ஒரு பையில். மூன்று நாளாகக் கப் நூடில்ஸ்தான் சாப்பிடுகிறேன் என்று போன கிழமை சிரித்துக்கொண்டே சொன்னாய், எனக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கே கடை வாசலில் எதைக் குவித்து வைத்திருக்கிறார்களோ அதுதான் அந்த மாதத்து மரக்கறி, அதை வாங்கு, உள்ளே கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதைப் பார்க்காதே. உருண்டைக் கோவா என்றால் இதழ் இதழாகப் பிரித்து நூல் மாதிரி அரிந்து உப்பும் மஞ்சளும் ஒரு பச்சை மிளகாயும் போட்டுத் தாச்சியில் இரண்டு நிமிடம் புரட்டி, அடுப்பை அணைத்த பிறகு தேங்காய்ப்பூவும் தேசிக்காய்ப் புளியும் சேர், அடுப்பிலிருக்கும்போது புளி விட்டால் கசக்கும். வெள்ளை முள்ளங்கி என்றால் வெந்தயம் கொஞ்சம் போட்டுத் தேங்காய்ப்பால் மாவில் வெள்ளைக்கறி. இந்த இரண்டையும் பழகிக்கொண்டால் சோற்றுக்குக் கவலையில்லை. சமைப்பது பெரிய வித்தை இல்லை மகன், பசி வருவதற்கு அரை மணித்தியாலம் முந்தி எழும்ப வேண்டும், அவ்வளவுதான்.

இனி வாப்பாவின் விஷயம். நோன்புக்குப் பிறகு இரத்தம் சோதித்தபோது அவருக்குச் சீனி ஏறியிருந்தது, உனக்குப் பரீட்சை என்பதால் சொல்லவில்லை, கோபித்துக்கொள்ளாதே. டொக்டர் வெள்ளைச் சோற்றையும் கடை எண்ணெயையும் குறைக்கச் சொன்னார். நானும் சிவப்பரிசிச் சோறு பாதி, அவித்த பலாச்சுளை பாதி, வல்லாரைச் சம்பல், ஒரு மீன் துண்டு என்று அடுக்கிப் பெட்டியில் போட்டுக் கடைக்கு அனுப்பத் தொடங்கினேன். அங்கேதான் நான் பிழை விட்டேன். நம் கடையில் எத்தனையோ வருடமாக முதலாளிதான் பகல் பானையில் முதல் அகப்பை எடுப்பார், அதைப் பீங்கான் தட்டில் போட்டுக்கொண்டு எல்லோரும் பார்க்கிற முன்மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவார், அதற்குப் பிறகுதான் வியாபாரம். நீ சின்ன வயதில் வாப்பாவின் மடியில் உட்கார்ந்து அந்தச் சோற்றில் பாதியைத் தின்றவன். இருபத்துமூன்று வருடம் அந்தக் குடும்பத்தில் இருந்தும் அந்தப் பீங்கான் எதற்கு என்று நான் யோசிக்கவில்லை. பெட்டிச் சோற்றை முன்மேசையில் வைத்துத் தின்ன வெட்கப்பட்டு, மனுஷன் பின்னால் ஸ்டோர் அறையில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே குந்தியிருந்து சாப்பிட்டிருக்கிறார். தபால் கந்தோரில் வேலை செய்யும் தியாகராஜா, நாவலப்பிட்டியிலிருந்து தினமும் வந்து போகிறவர், பதினைந்து வருடமாக நம் கடையில்தான் பகல் சாப்பாடு, அவர் கைகழுவப் பின்னால் போனபோது கண்டுவிட்டார். “என்னங்க முதலாளி, எங்களுக்குப் பானைச் சோறு, உங்களுக்குப் பெட்டிச் சோறா? நாங்க தின்னு பார்த்துச் சொன்னாத்தான் நீங்க திம்பீங்களா?” என்று சத்தமாகக் கேட்டாராம். கடையே சிரித்ததாம். அவர் பகிடிக்குத்தான் கேட்டார், பாவம். ஆனால் அடுத்த மேசையில் யாரோ “அப்ப இந்த இறைச்சி இன்டைக்கு உள்ளதா நேத்து உள்ளதா?” என்று கேட்க, சிரிப்பு நின்றுபோனதாம்.

இங்கே ஒரு பஸ் பாலத்தைக் கடக்கிற நேரத்துக்குள் ஒரு கதை ஊரைச் சுற்றிவிடும் என்று உனக்குத் தெரியும். முதலாளியே தன் கடைச் சோற்றைத் தொடுவதில்லை என்று பேச்சாகிவிட்டது. பத்து நாளில் பகல் பானை பாதியோடு திரும்பி வரத் தொடங்கியது. சீனி வருத்தம் என்று சொல்லிவிட வேண்டியதுதானே என்று நான் சொன்னேன், “வருத்தக்காரன் கடையில யாரு தின்னுவாங்க” என்றுவிட்டார். பெட்டியை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டு மறுபடியும் முன்மேசையில் உட்கார்ந்து, ஊர் பார்க்கட்டும் என்று முன்னரைவிட ஒரு அகப்பை கூடப் போட்டுச் சாப்பிட்டார். வியாபாரம் கொஞ்சம் திரும்பியது, சீனியும் அதோடு சேர்ந்து ஏறியது. அந்த ரிப்போர்ட்டை எனக்குக் காட்டாமல் எங்கே வைத்திருந்தார் தெரியுமா? குடைக்குள். மழை பெய்து நான் குடையை விரித்தபோது தலையில் விழுந்தது. அடுத்த முறையும் இப்படி இருந்தால் ஊசிதான் என்று டொக்டர் சிவப்பு மையில் எழுதியிருந்தார். நான் சத்தம் போடவில்லை மகன். அன்றைக்கு முழுவதும் யோசித்துக்கொண்டே வீட்டு வேலையைச் செய்தேன். மனுஷனுக்குத் தன் உயிரைவிடக் கடையின் பெயர் பெரிதாகிவிட்டதே என்று முதலில் கோபம் வந்தது, பிறகு அந்தப் பெயரில்தானே நாங்கள் எல்லோரும் சாப்பிட்டோம் என்று தோன்றியது. அஸர் தொழுகைக்குப் பிறகு பிளேன்டீ கொடுக்கும்போது சொன்னேன், “ஒங்கட பீங்கான மாத்த ஏலாட்டி, பானைய மாத்துவோம்.” வாப்பா கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு “இப்திகார் கோவிப்பான்” என்றார். அவர் சம்மதித்துவிட்டார் என்று அப்போதே விளங்கியது.

கடையில் சமைக்கும் இப்திகார் நானாவின் சோற்றையும் இறைச்சிக் கறியையும் அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு பானை மட்டும் நான் வீட்டிலிருந்து அனுப்புவது என்று முடிவானது. மே மாதக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. சிவப்பரிசிச் சோறு, பலாச்சுளைக் கறி, பருப்பு, முருங்கை இலைச் சுண்டல், கொஞ்சம் நெத்தலி. பீங்கானில் விரிக்கிற பொலித்தீன் லன்ச் ஷீட் வேண்டாம் என்று பக்கத்து வளவில் வாழையிலை கேட்டு வெட்டிக் கொடுத்துவிட்டேன், சூட்டில் இலை வாடும் வாசம் தெருவரை போனதாம். வாப்பா முதல் அகப்பையை எடுத்து முன்மேசையில் உட்கார்ந்தார். தியாகராஜா உள்ளே வந்து வாப்பாவின் பீங்கானை எட்டிப் பார்த்துவிட்டு “இன்னைக்கு ஒளிஞ்சு திங்கலியா முதலாளி?” என்றாராம். “இண்டைக்கு எல்லாருக்கும் இதுதான், வேணுமா சொல்லுங்க” என்று வாப்பா சொல்ல, “நீங்க முடிச்ச பிறகு உசிரோட இருந்தா எனக்கும் ஒண்ணு போடுங்க” என்று சொல்லிவிட்டு எதிரிலேயே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாராம். இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். பக்கத்து மருந்துப் பாமசியில் வேலை செய்யும் சஞ்சீவனி, சிங்களப் பிள்ளை, தன் அரைகுறைத் தமிழில் “முதலாளி, நாளைக்கும் இது இருக்குதானே, இல்லாட்டி நான் வர இல்ல” என்று மிரட்டிவிட்டுப் போனாளாம். அந்தக் கிழமை வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு முன்னரே பானை காலி. போன கிழமை வாப்பாவுக்குச் சோதித்ததில் சீனி நன்றாக இறங்கியிருந்தது. இன்னும் இறங்க வேண்டும், ஆனால் திசை மாறிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ்.

இதை உன்னிடம் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்தேன், நீ பிறந்த பிறகு வேலைக்குப் போகவில்லை, போகாதே என்று யாரும் தடுக்கவும் இல்லை, போகிறாயா என்று யாரும் கேட்கவும் இல்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. உங்கள் இருவருக்கும் சமைத்த சோற்றை நீங்கள் சாப்பிட்டீர்கள், அது உங்கள் பாசம். பெயர்கூடத் தெரியாத முப்பது பேர் சாப்பிட்டு முடித்த பானையைப் பின்னேரத்தில் கழுவும்போது வரும் சந்தோசம் வேறு மாதிரி. இன்றைக்கு என்ன குறைந்தது, எது கூடியது, மழை நாளில் எதைக் கேட்பார்கள் என்று மனது தானாகக் கணக்குப் போடுகிறது. படித்தது எங்கேயோ உள்ளே விழித்துக்கொண்டிருந்திருக்கிறது போல.

வாப்பா சொன்னபடியே இப்திகார் நானா கோபித்துக்கொண்டார். “இலயும் கொட்டயும் விக்கிற கடையில எனக்கென்ன வேல” என்று, கெலிஓயாவில் புதிதாகத் திறக்கும் கடைக்கு இந்த மாதக் கடைசியில் போகிறார். மனக்கசப்பு இல்லை, பலாச்சுளைக் கறிக்கு நான் என்ன போடுகிறேன் என்று வாப்பாவிடம் மெதுவாகக் கேட்டுமிருக்கிறார். அவர் போனால் வாப்பாதான் அடுப்படியில் நிற்க வேண்டும், முன்னால் நிற்க நம்பிக்கையான ஆள் வேண்டும். அதற்குத்தான் உன்னைக் கூப்பிடுகிறார். உன் றலியா மாமி வந்திருந்தபோது, என் பானையை நம்பித்தானே கடை நிற்கிறது, நானே போய் நின்றால் என்ன என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன். “எங்கட குடும்பத்துப் பொம்புளயள் கடையில போய் நின்டதில்ல. ஆம்புளப் புள்ள ஒண்டு ஈக்கிதே, அவனக் கூப்பிடுங்க” என்று தன் தம்பியான வாப்பாவையும் பார்த்து என்னையும் பார்த்துச் சொல்லிவிட்டு ஒரு துண்டு வட்டிலப்பத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். வாப்பா தலையை ஆட்டினார். நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். நீ அந்தக் கல்லூரியில் இடம் கிடைக்க இரண்டு வருடம் அந்த ஜப்பான் எழுத்துக்களோடு எப்படிப் போராடினாய் என்று மாமிக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

தொழுகையை விட்டுவிடாதே, பனி இல்லாவிட்டாலும் இரவில் காலுக்குக் கம்பளி மேஸ் போட்டுக்கொள், இந்த வீட்டு ஆண்களைப் போல வருத்தத்தைக் குடைக்குள் ஒளிக்காமல் எனக்குச் சொல். மாசித்தூள் போத்தலைத் திறந்தால் பிரிட்ஜில் வை. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல அறிவையும் நல்ல மனிதர்களையும் தரட்டும், ஆமீன்.

வாப்பா எழுதச் சொன்னதை எழுதிவிட்டேன், இனி நான் சொல்வது. நீ வர வேண்டாம் மகன். நாளைக் காலை ஆறரைக்கு வாப்பாவின் த்ரீவீல் வாசலில் வந்து நிற்கும்போது பானையை மட்டும் ஏற்றிவிட்டுக் கதவைச் சாத்தப்போவதில்லை, நானும் ஏறி உட்காரப்போகிறேன். இப்திகார் நானா போக இன்னும் இரண்டு கிழமை இருக்கிறது, அதற்குள் அவரிடமே அந்தப் பெரிய அடுப்பைப் பழகிக்கொள்வேன். அடுப்படி எனக்கு, முன்மேசை வாப்பாவுக்கு. வாப்பாவுக்கு இன்னும் தெரியாது, மாமிக்குத் தெரியாது, உனக்குத்தான் முதலில் சொல்கிறேன். இந்தக் கடிதம் உன் கையில் கிடைக்கும்போது நான் கடையில் நின்றுகொண்டிருப்பேன்.

என்றும் உன்னை நினைக்கும்
உம்மா
அனீஸா முஹ்ஸின்