சத்தம் போடாத பிரேக்

5.6.2007, செவ்வாய்

ஆற்றுப் பாலத்து இறக்கத்தில் இன்று சைக்கிள் நிற்கவில்லை. ஆடுகள் குறுக்கே வந்தன. இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்தேன். கிரீச்சென்ற கத்தலோடு சரி. காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே போய் முள்வேலியில் நின்றேன். "இத்தினி சத்தம் போடுது, நிக்க மாட்டேங்குதே" என்று ஆட்டுக்காரர் சைக்கிளைத்தான் விசாரித்தார். என் முழங்கையில் ரத்தம்.

தப்பு என் மேலும் உண்டு. நான் அப்போது மனைவி ரேணுகாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவள் ஆரணியில் வீட்டுத் தறியில் இருந்தாள், நான் பாலத்தின் மேல். காலையில் நான் வேலை பார்க்கும் கிராமத்து நூலகத்துக்கு ஒன்பது கிலோமீட்டர், மாலையில் வீட்டுக்கு ஒன்பது. சைக்கிளில் ஏறிவிட்டால் நான் பெரிய பேச்சுக்காரன். யார் என்ன புத்தகம் எடுத்தார்கள், வயலில் எத்தனை கொக்கு, எல்லாம் அவளிடம் மனசுக்குள் சொல்லிக்கொண்டே மிதிப்பேன். அவளும் பதில் சொல்வாள். வீடு வந்து சேரும்போது பேசி முடித்திருப்பேன். அதற்குமேல் பேச என்ன இருக்கிறது?

தெருமுனையில் திரும்பும்போது பிரேக் பிடிப்பேன். தணிகாசலம் வந்துவிட்டான் என்று அந்தக் கத்தலில் நாலு வீட்டுக்குத் தெரியும். அடுத்த நொடி எங்கள் வீட்டுத் தறி ஓடும் சத்தம் கேட்கும். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் ரேணுகா சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எப்படித்தான் முடிகிறதோ இவளால்.

6.6.2007

முழங்கை எரிகிறது. ரேணுகா மஞ்சள் வைத்துக் கட்டினாள். எப்படி ஆயிற்று என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

8.6.2007, வெள்ளி

நூலகத்துக்கு இன்று விடுமுறை. அய்யாக்கண்ணு சைக்கிள் கடைக்குப் போனேன். என் வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டு, நாடி பார்க்கிற மாதிரி சக்கரத்தைச் சுற்றிவிட்டார்.

"பழைய ராடு பிரேக்குங்க. ரப்பர் தேஞ்சி இரும்பும் இரும்பும் ஒரசுது. ரிம்மும் போச்சி. புதுசு ஒண்ணு பாருங்க."

என்ன வண்டி என்று கேட்டேன். ஆடி மாசத்து எதிர்க்காற்றுக்குக் கியர் வேண்டும் என்றார். "பெரிய டயரு போட்ட மலை வண்டி வாணாம், உங்க முட்டி தாங்காது. ஹேண்டில் வளஞ்ச ரேஸ் வண்டி வாணவே வாணாம். அதுல குனிஞ்சிகினு போவணும், நீங்க வானத்தப் பாத்துகினு ஓட்றவரு. ரெண்டுக்கும் நடுவால ஒண்ணு வந்துகீது. ஹைப்ரிட்டுனு பேரு. வேலூர்ல கேட்டுப் பாருங்க."

ஹைப்ரிட். வழியெல்லாம் அந்தச் சொல்லை வாயில் போட்டுக் குதப்பிக்கொண்டே வந்தேன்.

15.6.2007, வெள்ளி

வேலூர். கடைப் பையன்களில் சதீஷ் என்று ஒருவர் பொறுமைசாலி. சாம்பல் நிறத்தில் ஒரு ஹைப்ரிட்டைக் காட்டினார். நேரான ஹேண்டில், ஒல்லியுமில்லாத பருமனுமில்லாத டயர். அதிலேயே இரண்டு வகை. ஒன்றில் டிஸ்க் பிரேக், நடுவில் இருக்கும் தகட்டைப் பிடிக்கும். இன்னொன்றில் பவர் பிரேக், இரண்டு கைகள் போல ரிம்மை இருபக்கமும் அணைத்துப் பிடிக்கும்.

"டிஸ்க் எடுங்க சார். மழையில கூட பட்டுனு நிக்கும்."

"சத்தம் வருமா?"

"எல்லாரும் ஸ்பீடுதான் சார் கேப்பாங்க" என்று சிரித்தார். பிறகு பவர் பிரேக் வண்டியின் சக்கரத்தைச் சுற்றவிட்டுப் பிடித்தார். நின்றது. அவ்வளவுதான். தூக்கத்தில் ஒருவர் திரும்பிப் படுக்கிற அளவுக்குக்கூடச் சத்தமில்லை.

படம் போட்ட தாளை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

18.6.2007, திங்கள்

நூலகத்தில் மதியம் யாருமில்லை. தாளை விரித்து வைத்துக்கொண்டு மூன்று மணி வரை உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே சாம்பல் வண்டியில் சந்தவாசல் தாண்டிப் படவேட்டு மலை அடிவாரம் வரை போய்வந்தேன். சத்தமே இல்லாத பயணம். நெல் அசைவது கேட்டது.

டிஸ்க்கா, பவரா? திரும்பும் வழியில் கேட்டதற்கு அய்யாக்கண்ணு சொன்னார்: "டிஸ்க்குத் தகடு வளஞ்சா வேலூருக்குத் தூக்கிகினு போவணும். பவர் பிரேக்னா ரப்பர் கட்டை தேஞ்சா நானே மாத்துவேன். மழையில கொஞ்சம் முன்னாடியே புடிக்கணும், அவ்ளோதான்." முன்னாடியே பிடிக்க வேண்டுமென்றால் முன்னாடியே விழித்திருக்க வேண்டும். பார்க்கலாம். பவர் பிரேக்.

வீட்டில் சொன்னேன்.

"சைக்கிள் வாங்கணும்."

"சரிங்க."

"ஹைப்ரிட்டு."

"சரிங்க."

மகள் பானு தட்டிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள், குனிந்துகொண்டாள். இந்த வருடம்தான் ப்ளஸ் டூ முடித்தாள்.

22.6.2007, வெள்ளி

வாங்கிவிட்டேன். பஸ்ஸில் ஏற்ற மனம் வரவில்லை. வேலூரிலிருந்து ஓட்டியே வந்தேன். கண்ணமங்கலம் தாண்டியதும் மேகம் மூடியது. கியரை மாற்றினால் ஏற்றம் தானாக இறங்கி வந்தது. ஓர் ஏரிக்கரையில் மீன்கொத்தி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது, நான் கடந்துபோனது அதற்குத் தெரியவில்லை. எனக்கு வயது நாற்பத்தாறு. தரையில் இல்லை, பறக்கிறேன் என்று நினைத்தேன். இன்று ரேணுகாவிடம் நிஜமாகவே சொல்லிவிட வேண்டும், மீன்கொத்தியை, ஏரியை, எல்லாவற்றையும் — வார்த்தைகளைக்கூட அடுக்கி வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தேன்.

எழுதப் பிடிக்கவில்லை.

23.6.2007

சரி, எழுதிவிடுகிறேன்.

தெருமுனையில் பிரேக் பிடித்தேன். சத்தமில்லை. வாசல் வரை வந்துவிட்டேன். தறி ஓடவில்லை. உள்ளே சிரிப்பு. ரேணுகா, பானு, பக்கத்து வீட்டு ஜெயம், மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. என் வீட்டில் இப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

ரேணுகா என்னைப் போல நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். "உள்ள வருவாரு. சட்டைய ஆணில மாட்டுவாரு. மாட்டிட்டு, அந்த ஆணியவே பாத்துகினு நிப்பாரு. அதுகிட்டதான் இன்னாவோ சொல்றாரு. நம்பகிட்ட 'ம்'. அவ்ளோதான்."

"புது வண்டி பேரு இன்னாக்கா?" இது ஜெயம்.

"ஹைப்ரிட்டாம். எனக்குத் தெரிஞ்ச ஹைப்ரிட்டு கத்திரிக்காதான். புழு வராது, ருசியும் வராது. அவருக்கேத்த வண்டிதான்."

மறுபடி சிரிப்பு. பானுதான் கேட்டாள்: "ம்மா, நேரமாச்சே, பிரேக் சத்தம் இன்னும் கேக்கல?"

"கேக்கும் கேக்கும். ஊருக்கே கேக்கும்."

வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருமுனைக்கே திரும்பிப் போனேன். புது வண்டியில் மணியும் இல்லை. உரக்கச் செருமினேன். சிரிப்பு அறுந்தது. அடுத்த நொடி தறி ஓடியது.

உள்ளே போய்ச் சட்டையை மாட்டினேன். ஆணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

24.6.2007

நான் கோவக்காரனா? கை நீட்டியதில்லை. குரல் உசத்தியதில்லை. குடித்ததில்லை. போதும்னு நெனச்சிகினு இருந்தேனே. பத்தொம்பது வருசமா அந்த பிரேக்கு கத்தினதும் வீட்ல சிரிப்பு நின்னுகினே இருந்துதா? ஒருநாள்கூட எனக்குத் தெரியலையே.

கத்திரிக்காய் — நல்ல கிண்டல்தான். என்னிடம் சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன். சிரித்திருப்பேனா?

26.6.2007

மணி வாங்கலாமென்று அய்யாக்கண்ணு கடைக்குப் போனேன். "நான் கோவக்காரனாய்யா?" என்று கேட்டேன்.

"நீங்க கோவப்பட்டு நான் பாத்ததில்லிங்க." பஞ்சர் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே யோசித்தார். "சிரிச்சும் பாத்ததில்ல."

மணி வாங்காமல் வந்துவிட்டேன். ஏன் என்று எனக்குத் தெரியும்.

30.6.2007

தினமும் வாசல் முருங்கை மரத்தடியில் ஐந்து நிமிடம் நிற்கிறேன். சொந்த வீட்டைத் திருடன் போல ஒட்டுக்கேட்கிறேன். வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் நிற்கிறேன். ரேணுகாவுக்குப் பாட வரும். இடது தோளில் அவளுக்கு வலி, ஜெயம்தான் எண்ணெய் தேய்த்துவிடுகிறாள். பானு எதிர்த்துப் பேசுவாள், நன்றாகவே பேசுவாள். என் மூளை போலிருக்கிறது என்று ஒரு பெருமை வந்தது. பிறகு செருமுகிறேன். தறி ஓடுகிறது.

2.7.2007

வேலூர் காலேஜில் சேர பானு ஃபாரம் வாங்கி வைத்திருக்கிறாள். தறிக்கு மேலே பலகையில் இருக்கிறது. என் கையெழுத்து வேண்டும். ஆறாம் தேதி கடைசி.

"நீ கேளும்மா."

"ம்னு சொல்வாரு. அது சரின்ற ம்மா, வாணான்ற ம்மா, யாருக்குத் தெரியும்? போவட்டும் உடு. அடுத்த வருசம் பாக்கலாம்."

பானு "சரிம்மா" என்றாள். எதிர்த்துப் பேசுகிற பெண்.

3.7.2007, செவ்வாய்

ஃபாரத்தை எடுத்து யாருக்கும் தெரியாமல் கையெழுத்துப் போட்டு அதே இடத்தில் வைத்துவிட்டால்? யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை. ஒன்பது கிலோமீட்டரும் இதையே நினைத்துக்கொண்டு மிதித்தேன். நல்ல யோசனைதான். — சீ. இதையேதானே இத்தனை வருசமா செஞ்சிகினு இருக்கேன்.

4.7.2007

நேற்று சாப்பிடும்போது ரேணுகா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். நான்தான் ஆரம்பித்தேன்.

"பவர் பிரேக்கு நல்லா புடிக்குது."

"சரிங்க."

"புழு வராது. ருசியும் வராது. ஆனா நல்லா புடிக்குது."

கரண்டி அப்படியே நின்றது. ரசம் தட்டைத் தாண்டித் தரையில் ஓடியது. ரேணுகாவின் முகத்தில் இருந்தது பயம்தான். என்னைப் பார்த்து ஒருவர் பயப்படுவதை நேருக்கு நேர் பார்த்தேன். வலித்தது.

"எத்தினி நாளா கேட்டீங்க?"

"பத்து நாளா. முருங்க மரத்தாண்ட நின்னுகினு."

"அங்க கம்பளிப்பூச்சி விழுமே."

"விழுந்துச்சி."

முதலில் பானுவுக்குத்தான் தாங்கவில்லை. முகத்தை முட்டியில் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். பிறகு ரேணுகா. "அடப் பாவி மனுசா" என்றாள் என்னை. முதல்முறையாக. கேட்கச் சுகமாக இருந்தது.

"அந்த ஃபாரத்த எடுத்துகினு வாம்மா" என்றேன் பானுவிடம். உடனே கையெழுத்துப் போடவில்லை. என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டேன். கால் மணி நேரம் சொன்னாள். நடுவில் நான் மூன்று 'ம்' போட்டேனாம். ரேணுகா விரல்விட்டு எண்ணிக் காட்டினாள்.

6.7.2007

ஃபாரம் கொடுத்தாயிற்று. பஸ்ஸில் பானு பக்கத்தில் உட்கார்ந்து மீன்கொத்தி இருந்த ஏரியைக் காட்டினேன். மீன்கொத்தி இல்லை.

20.7.2007, வெள்ளி

ஆடிக் காற்று சுழற்றி அடிக்கிறது. கியர் இல்லாவிட்டால் நேற்றெல்லாம் பின்னாலேயே போயிருப்பேன். மணி மாட்டிக்கொண்டேன். இனி ஒட்டுக்கேட்பதில்லை. ஆனால் தெருமுனையில் மணி அடித்ததும் தறி ஓடத்தான் செய்கிறது. "பழக்கங்க, காலு தானா மிதிக்குது" என்கிறாள் ரேணுகா. அவளைக் குறை சொல்ல முடியாது. சைக்கிளில் பேசித் தீர்க்காமல் வீட்டுக்குக் கொஞ்சம் மிச்சம் வைக்கப் பழகுகிறேன். சில நாள் வாசலில் மறந்துவிடுகிறது.

23.10.2007

நல்ல மழை. நனைந்த ரிம்மில் புது பிரேக்கும் கத்தியது. பழைய கத்தல் அளவுக்கு இல்லை, ஆனாலும் கத்தல். வண்டியை நேரே கடைக்கு விட்டேன். அய்யாக்கண்ணு கட்டையின் பின்பக்கம் ஓர் அட்டைத் துண்டைச் செருகி வைத்து முடுக்கினார். இனி கத்தாதாம். வீட்டில் இதைச் சொன்னேன், கேட்காமலே. அட்டைத் துண்டு எதற்கு என்று ரேணுகா திருப்பிக் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. நாளைக்குக் கேட்டுச் சொல்ல வேண்டும்.

4.12.2007, செவ்வாய்

பனி இறங்க ஆரம்பித்துவிட்டது. தெருமுனையில் மணி அடித்தேன். இன்னொரு தடவையும் அடித்தேன்.

தறி ஓடவில்லை. காலேஜிலிருந்து வந்த பானுவின் குரல், ஜெயத்தின் குரல், நடுவில் ரேணுகா என்னைப் போல 'ம்' சொல்லிக் காட்டுகிறாள். சிரிப்பு நிற்கவே இல்லை. நான் வாசல் ஏறிய பிறகும் நிற்கவில்லை. "வந்துட்டாரு பாரு, கத்திரிக்கா" என்று ரேணுகா நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.

இதை எழுத உட்காரும்போதுதான் பார்க்கிறேன், இன்னும் சட்டையே கழற்றவில்லை.