அக்கா கொடுத்த ஜெலட்டின்

மார்ச் 4, செவ்வாய்

கடைக்கு இன்று வந்த ஒரு அம்மாள் தன் ஜன்னலைத் தானே அளந்து எழுதிக்கொண்டு வந்திருந்தாள். நான் நம்பவில்லை. நேரில் போய் அளந்து பார்த்தால் நாலு விரல் வித்தியாசம். துணியை வெட்டியிருந்தால் போச்சு. "உங்க கண்ணுல என்ன, டேப் வச்சிருக்கீங்களா?" என்றாள். முதலாளிக்கு ஒரே பெருமை. இருபது வருஷமாகத் திரைச்சீலை தைக்கிறேன், வேறு எதில் தப்பினாலும் அளவில் என் கை தப்பாது.

வீட்டுக்கு வந்ததும் பெருமை இறங்கிவிட்டது. காலையில் வைத்துவிட்டுப் போன கஞ்சியை அப்பா தொடவே இல்லை. மேலே ஏடு படிந்து கிடந்தது. மிச்சமிருந்த பல்லையெல்லாம் பிடுங்கிப் பத்து நாள் ஆகிறது. ஈறு நன்றாக ஆறி, பல் செட் வைக்க மூன்று மாதம் ஆகும் என்கிறார் பல் டாக்டர். அதுவரை என்ன செய்வது? "பசிக்கலம்மா" என்கிறார். பொய். சட்டைக் காலருக்குள் என் இரண்டு விரல் தாராளமாகப் போகிறது.

மார்ச் 6, வியாழன்

சூப், இரண்டு வாய். வாழைப்பழம் மசித்துக் கொடுத்தேன். "இதெல்லாம் குழந்தைக்குக் கொடு" என்றார். இந்த வீட்டில் எந்தக் குழந்தை இருக்கு, நீங்களும் நானும்தானே என்றேன். சிரித்தார். அந்தப் பொக்கைச் சிரிப்பு எனக்கு இன்னும் பழகவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

அக்கா வந்தாள், கையில் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தோடு. தட்டில் கவிழ்த்து, அடியில் ஒரு தட்டு தட்டினாள். மஞ்சளாக, கிண்ணத்தின் வடிவத்திலேயே ஒன்று வந்து உட்கார்ந்து ஆடியது. அன்னாசி ஜெல்லி.

அப்பா முழுசையும் சாப்பிட்டார். ஸ்பூனை வேறு நக்கினார். பஸ் ஓட்டிய காலத்தில் வாரத்துக்கு ஒரு அன்னாசியைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவருவாரே, அந்த ருசி திரும்பக் கிடைத்த சந்தோஷம். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அம்மா போன பிறகு நாலு வருஷமாக அவர் என்னோடுதான் இருக்கிறார், இந்தப் பதினைந்து நாளில் பட்ட கவலை வேறெப்போதும் பட்டதில்லை.

எப்படிச் செய்வது என்று கேட்டேன். "உனக்கெதுக்குடி சிரமம், நானே கொண்டு வரேன்" என்றாள். தினமும் பஸ் ஏறி வருவியா, சொல்லு என்றேன். சொன்னாள். ஜெலட்டின் பொடியைப் பச்சைத் தண்ணீரில் தூவி ஊறவிடணும். சுடு தண்ணீரில் சர்க்கரையைக் கரைத்து, ஊறினதை அதில் போட்டுக் கட்டியில்லாமல் கலக்கணும். விரல் வைத்தால் பொறுக்கிற சூடு வந்ததும் அன்னாசிச் சாற்றை ஊற்றி ஃப்ரிட்ஜில் வைக்கணும். அவ்வளவுதான். "அப்பாவுக்கு அன்னாசின்னா உசுரு. வேற பழம் போடாத, அதுலயே செய்" என்று வாசல்வரை போய்த் திரும்பி வந்து சொன்னாள்.

மார்ச் 10, திங்கள்

அத்தான் வேலைக்குப் போகிற வழியில் ஜெலட்டினைக் கொடுத்துவிட்டுப் போனார். காபிப்பொடி பாட்டிலைக் கழுவிக் காயவைத்து அதில் போட்டு அனுப்பியிருக்கிறாள். என் அக்கா மாதிரி யாருக்கு உண்டு? நேற்றைய கிண்ணத்தில் சர்க்கரை போட்டுத் திருப்பிக் கொடுத்தனுப்பினேன்.

மார்ச் 12, புதன்

நேற்று வைத்தது, காலையில் பார்த்தால் தண்ணீர். வெறும் மஞ்சள் தண்ணீர். கிண்ணத்தைச் சாய்த்தால் கூடவே சாய்கிறது.

ஸ்பூனை வழித்து வழித்து அளந்து போட்டேனே? அக்காவுக்கு போன் போட்டேன். "பொறுமை வேணும்டி. நீ சும்மா சும்மா திறந்து பாத்திருப்ப, அதான்" என்றாள். ஆமாம், பார்த்தேன். நாலைந்து தடவை பார்த்தேன்.

மார்ச் 13, வியாழன்

ஜெலட்டினை இரண்டு மடங்கு போட்டேன். ஃப்ரிட்ஜ் கதவைத் தொடவில்லை. அப்பா கேட்ட குளிர்ந்த தண்ணீரைக்கூடப் பக்கத்து வீட்டில் வாங்கிக் கொடுத்தேன்.

தண்ணீர்தான்.

"பரவாயில்லம்மா, குடிக்கிறேன்" என்று டம்ளரில் ஊற்றிக் குடித்தார். பாதியில் வைத்துவிட்டார். ஈறு எரிகிறதாம்.

மார்ச் 15, சனி

ஃப்ரிட்ஜில்தான் கோளாறு என்று முடிவு செய்து மெக்கானிக்கை வரவழைத்தேன். அவர் மேலே கையை விட்டு ஐஸைத் தட்டிக் காட்டினார். "ஃப்ரிட்ஜுக்கு ஒண்ணுமில்லம்மா. கல்லு மாதிரி இருக்கு பாருங்க. எதுக்குக் கூப்பிட்டீங்க?" ஜெல்லி உறையவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. மோட்டார் சத்தம் என்று எதையோ உளறினேன்.

அப்புறம் மூன்றாவது தடவையும் செய்தேன். சாயங்காலம் திறந்தால் அதே கதி. அக்காவிடம் சொன்னதற்கு, "சிலர் கைக்கு வராதுடி, விடு" என்கிறாள். தையல் மெஷினில் உட்கார்ந்தால் எனக்கு இப்போது டேப் மேலேயே சந்தேகம் வருகிறது. ஒரே துணியை இரண்டு தடவை அளக்கிறேன்.

அப்பாவுக்கு உதட்டோரம் உள்ளே சிவந்து புண்ணாகியிருக்கிறது. அன்னாசி வேண்டாம் என்கிறார் என்னிடம்.

மார்ச் 16, ஞாயிறு

அப்பா போய்விட்டார்.

அக்கா காலையில் ஜெல்லியோடு வந்தாள். அவள் கொண்டுவந்தால் எரியவில்லை, தண்ணீராக இல்லை, கிண்ணம் காலி. அண்ணன் வெளியூரிலிருந்து போனில், "ரெண்டு பேரும் போட்டி போடாதீங்க. அப்பா எங்க சாப்பிடறாரோ அங்க இருக்கட்டும். பல் வைக்கிற வரைக்கும்தானே" என்றான். யார் போட்டி போட்டது? நான் என்ன பந்தயமா கட்டினேன்?

அப்பாவிடம் கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமல், "போய் இருந்துட்டு வரேம்மா" என்றார். அவருடைய டம்ளர், போர்வை, ரேடியோ எல்லாம் அக்காவே எடுத்துப் பையில் வைத்தாள். என்ன எங்கே இருக்கிறது என்று அவளுக்குக் காட்டிக் கொடுத்ததே நான்தான்.

மார்ச் 19, புதன்

ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று தெரியாமல் நின்றேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

எழுதினால்தான் மனசு அடங்கும்.

அப்பாவைப் பார்க்கப் போனேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார், அக்கா கடைக்குப் போயிருந்தாள். சமையலறையில் அத்தான் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு வாணலியில் எதையோ கிண்டிக்கொண்டிருந்தார். "வா சின்னவளே. உங்க அக்கா உத்தரவு, பத்து நிமிஷம் கொதிக்கணும், நகரக் கூடாதாம்." எட்டிப் பார்த்தேன். அன்னாசிச் சாறு. தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

இதை எதுக்கு அத்தான் கொதிக்க வைக்கறீங்க?

"பச்சையா ஊத்தினா ஜெலட்டின் உறையாதே. அன்னாசிக்கு அந்தக் குணம் உண்டு. போன வருஷம் உங்க அக்கா ரெண்டு தடவ செஞ்சு, ரெண்டும் தண்ணியாப் போய், பாக்கெட் பின்னாடி படிச்சுப் பாத்து ஒரே புலம்பல். உனக்கு சொல்லியிருப்பாளே?"

பாக்கெட். எனக்கு வந்தது காபிப்பொடி பாட்டில்.

அத்தான் பாவம், ஒன்றும் தெரியாமல் கிண்டிக்கொண்டே இருந்தார்.

அக்கா வந்ததும் மாடிக்குக் கூப்பிட்டேன். அப்பா காதில் விழக் கூடாது. அவள் கொடியிலிருந்து துணியை எடுக்க ஆரம்பித்தாள்.

"கொதிக்க வைக்கணும்னு ஏன் சொல்லல?"

"சொன்னேனே."

"சொல்லல."

"மறந்திருப்பேன். எத்தனை வேலை எனக்கு."

"மூணு தடவ போன் பண்ணினேன். மூணு தடவையுமா மறந்த? ஃப்ரிட்ஜைத் திறந்து பாத்தேன்னு சொன்ன. என் கைக்கு வராதுன்னு சொன்ன. வாய் கூசல உனக்கு?"

அப்பாவின் சட்டையை எடுத்து மடித்தாள், பிரித்தாள், திரும்ப மடித்தாள். அப்புறம் சொன்னாள். "நாலு வருஷமா உன் வீட்டுக்கு வந்தா என்னை உக்கார வச்சு விருந்தாளிக் கப்புல டீ கொடுப்ப. அவருக்கு ஒரு வாய் தண்ணி எடுத்துக் கொடுக்கலாம்னு எழுந்தா, 'நீ உக்காருக்கா, நான் பாத்துக்கறேன்'னுவ. நானும் அவருக்குப் பொண்ணுதான்டி. ஒரு தடவையாவது என் கையால..." முடிக்கவில்லை.

"அதுக்கு அவர் வாயைப் புண்ணாக்கணுமா? பச்சை அன்னாசி ஈறுல பட்டு எரியுது எரியுதுன்னாரு அக்கா. நான் பாவி, திரும்பத் திரும்ப அதையே ஊத்திக் கொடுத்தேன்."

அவள் கையிலிருந்த கிளிப் கீழே விழுந்தது. "அது எனக்குத் தெரியாதுடி. சத்தியமா தெரியாது" என்றாள். நான் குனிந்து எடுத்துக் கொடுக்கவில்லை. இறங்கி வந்துவிட்டேன். அப்பா விழித்திருந்தார். என்னம்மா அதுக்குள்ள கிளம்பிட்ட என்றார். கடையில் அவசர வேலை என்றேன், ஞாயிற்றுக்கிழமையில்.

ஏப்ரல் 7, திங்கள்

வெளியாள் செய்திருந்தால் நாலு திட்டுத் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன். கூடப் பிறந்தவள். சின்ன வயதில் எனக்குத் தலை பின்னிவிட்டவள். அந்த பாட்டிலைப் பார்த்து, அக்கா மாதிரி யாருக்கு உண்டு என்று நானே எழுதி வைத்திருக்கிறேன். நெஞ்சே ஆறவில்லை. அவளுக்கு அப்பா வேணும்னா வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே? கொடுத்திருப்பேன். கொடுத்திருப்பேனா? கொடுத்திருப்பேன்.

அண்ணனிடம் போனில் சொன்னேன். "ஒரு ஜெல்லிக்கா இவ்வளவு?" என்று சிரித்தான். வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

அன்னாசிச் சாற்றைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டுச் செய்தேன். அதே பாட்டில், அதே ஸ்பூன், அதே அளவு. உறைந்துவிட்டது. கவிழ்த்தால் அழகாக வந்து உட்கார்ந்தது. என் கை சரியாகத்தான் இருந்திருக்கிறது, மூன்று தடவையும்.

அப்பாவுக்குக் கொண்டுபோக நினைத்தேன். அங்கேதான் தினமும் கிடைக்கிறதே. கடைக்கு எடுத்துப்போனேன். தைக்கிறவர்கள் ஆளுக்கு ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு எப்படிச் செய்வது என்று கேட்டார்கள். அன்னாசியை முதலில் கொதிக்க வையுங்கள் என்றுதான் ஆரம்பித்தேன்.

மே 4, ஞாயிறு

அப்பா தேறிவிட்டார். அக்கா வீட்டுத் தெருமுனையில் பழைய கண்டக்டர் ஒருவர் இருக்கிறாராம், காலையும் மாலையும் இரண்டு பேரும் நடக்கிறார்கள். "இங்கயே பழகிடுச்சும்மா. பல் வச்சப்புறமும் இருந்துக்கறேனே, உனக்கும் வேலைக்குப் போக வர சௌகரியம்" என்றார் போனில். எனக்கு என்ன சௌகரியம்? சரிப்பா என்றேன்.

அக்கா மூன்று தடவை கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

பல் செட் வந்துவிட்டது. அத்தான் போட்டோ அனுப்பியிருக்கிறார். அதில் அப்பா யாரோ மாதிரி இருக்கிறார்.

ஜூன் 15, ஞாயிறு

அப்பா வந்தார். அத்தான் வாசலில் இறக்கிவிட்டுப் போனார். அப்பா கையில் செய்தித்தாளில் சுற்றிய அன்னாசி. "இனிமே பச்சையாவே கடிக்கலாம், நறுக்கு" என்றார்.

முதலில் டீ போட்டேன். அலமாரியைத் திறந்தால் எதில் ஊற்றுவது என்று தெரியவில்லை. விருந்தாளிக் கப்பை எடுத்தேன். "இது எதுக்கு? என் டம்ளர் எங்க?" என்றார். உங்க டம்ளர் அக்கா வீட்ல இருக்குப்பா என்றேன். வாங்கிக் குடித்தார்.

அன்னாசியைத் துண்டு போட்டுக் கொடுத்தேன். டக் டக்கென்று பல் சத்தத்தோடு மென்றுகொண்டே பேசினார். "அன்னிக்கு நான் ஏன் கிளம்பினேன் தெரியுமா? சாப்பாட்டுக்காக இல்ல. காலையில எழுந்ததும் ஃப்ரிட்ஜைத் திறந்து நிப்ப பாரு, அப்ப உன் முகம் அப்படியே செத்துப்போகும். எனக்காக நீ அந்தப் பாடு படறதப் பாக்க முடியல." பிறகு சொன்னார். "அங்க போய்த்தான் பாத்தேன். அன்னாசியக் கொதிக்க வச்சுத்தான் ஊத்தணுமாம். உங்க அக்கா உன்கிட்ட சொல்லலியா?"

மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

இரண்டு மாதமாக இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். ஒரு வார்த்தை போதும். சொன்னால் இன்றைக்கே பையோடு திரும்பி வந்திருப்பார்.

"சொன்னாப்பா. நான்தான் காதுல வாங்கல."

"அளவுல தப்பாதவ, இதுல கோட்டை விட்டுட்டியே" என்று பல் அத்தனையும் தெரியச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவளுக்காகச் சொல்லவில்லை. நிச்சயமாக அவளுக்காக இல்லை.

ஆறு மணிக்கு அத்தான் வந்து ஹாரன் அடித்தார். மிச்ச அன்னாசியை அப்பா பையில் வைத்தேன். காபிப்பொடி பாட்டிலையும் கழுவித் துடைத்து அதோடு வைத்தேன். இதுவரை யார் வீட்டுப் பாத்திரத்தையும் நான் காலியாகத் திருப்பிக் கொடுத்ததில்லை, ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பேன். சர்க்கரை டப்பாவைத் திறந்து ஸ்பூனைக்கூட எடுத்துவிட்டேன். அப்புறம் மூடி வைத்துவிட்டு, பாட்டிலைக் காலியாகவே அனுப்பினேன்.