நான் சொல்லிக் கொடுத்த எண்கள்

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூன்று பேரும் இருக்கிறோம். நலமா என்பதைக் கடைசிவரை படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள். அண்ணிக்கு முதுகுவலி இப்போது தேவலையா?

உங்கள் கடிதம் வந்து பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. போன் எதற்கு இருக்கிறது என்று திட்டுவீர்கள். உங்கள் போன் எந்நேரமும் ஸ்பீக்கரில்தான் கிடக்கிறது, சுற்றிலும் யார் யாரோ சிரிக்கிறார்கள். இங்கே மணி அடித்தாலே உங்கள் மாப்பிள்ளை ஓடி வந்து, மச்சானா, சண்டைத் தேதி சொன்னாரா என்று என் பக்கத்தில் நின்றுகொள்கிறார். அதனால்தான் கூரியர். தனியாக இருக்கும்போது படியுங்கள்.

மாப்பிள்ளைக்கு முன்னால் நான்கு வழி இருப்பதாக எழுதியிருந்தீர்கள். மறுபடியும் குத்துச்சண்டை, பழையபடி கம்பிக் கூண்டுக்குள் பிடித்து மடக்கும் கூண்டுச் சண்டை, டிவியில் வர்ணனை, சொந்தமாக ஒரு பயிற்சிக்கூடம். முதல் வழிக்குக் கீழே மட்டும் கோடு போட்டிருந்தீர்கள். நான் கடைசியிலிருந்து வருகிறேன்.

பயிற்சிக்கூடத்துக்கு ஒத்திகை பார்ப்பது போலப் பக்கத்துத் தெருக் கூடத்தில் ஒரு வகுப்பு எடுக்கப் போனார். ஒரு பெண்ணுக்குக் கழுத்துப்பிடி சொல்லிக் கொடுக்கும்போது பாதியில் நின்றுவிட்டு, இதுக்கு அப்புறம் என்னம்மா என்று அவளையே கேட்டாராம். அவள் ஏதோ பரீட்சை வைக்கிறார் என்று நினைத்துச் சரியாகச் சொல்லியிருக்கிறாள். வீட்டுக்கு வந்து, கெட்டிக்காரப் பொண்ணு என்று பாராட்டினார்.

வர்ணனைக்கு உட்கார வைத்த கதையை நீங்கள் பார்த்திருப்பீர்கள், ஊரே பார்த்தது. முழங்கால் என்ற சொல் வரவில்லை அவருக்கு. தன் முழங்காலைத் தட்டித் தட்டிக் காட்டினார். உடும்பு எல்லாத்தையும் பிடிக்கும், வார்த்தையை மட்டும் பிடிக்காது போல என்று இவருடைய பட்டப்பேரை வைத்துக் கிண்டலடித்தான் பக்கத்தில் இருந்தவன். அந்த இருபது நொடியை வெட்டிச் சுற்றுக்கு விட்டார்கள். இவர் அதைப் பதினோரு தடவை என்னைப் போட்டுக் காட்டச் சொல்லிவிட்டு, இதில் எந்த இடத்தில் சிரிக்கிறார்கள் என்று கேட்டார். நான் ஒரு இடத்தைக் காட்டினேன். அந்த இடத்தில் அவரும் சிரித்தார்.

கூண்டுக்குத் திரும்புவது என்றால், முன்பு அன்றைக்குக் கடைசிச் சண்டை இவருடையதாக இருக்கும். இப்போது ஜனங்கள் இருக்கை தேடி அலைகிற நேரத்தில் நடக்கிற முதல் சண்டை தருகிறார்களாம். அதற்கும் சரி என்பார். எதற்கும் சரி என்பவராக ஆகிவிட்டார் அண்ணா.

ஆனாலும் கூண்டில் ஒரு தர்மம் இருந்தது. முடியவில்லை என்றால் உள்ளங்கையால் மூன்று தட்டு தட்டி, தோற்றேன் என்று ஒப்புக்கொண்டு வீட்டுக்கு வந்து சாப்பிடலாம். பிடித்தால் விடமாட்டார் என்று உடும்பு எனப் பேர் வாங்கிய மனிதரின் கைகளைத் தலையணை மாதிரி கிளவுஸுக்குள் போட்டுக் கட்டி, பிடிக்கக் கூடாது, தட்டவும் கூடாது என்று குத்துச்சண்டை மேடையில் ஏற்றினீர்கள். விழுந்தால் பத்து எண்ணுவார்கள், அதற்குள் எழுந்து இன்னும் வாங்கிக்கொள்ளலாம். நாலு தடவை எழுந்தார். சண்டையை நிறுத்தச் சொல்லி வீச வேண்டிய துண்டு உங்கள் தோளிலேயேதான் இருந்தது. மறுநாள் பேப்பரில் தோற்றாலும் சிங்கம் என்று போட்டார்கள். மறுபடியும் ஏன் கூப்பிடுகிறார்கள் என்று எனக்குப் புரியாமல் இல்லை. விழுகிறவர்கள் ஆயிரம் பேர் கிடைப்பார்கள், எழுந்திருக்கிறவர் கிடைப்பது கஷ்டம்.

உங்களை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. கூண்டில் ஒருத்தன் விரல் குத்தியதிலிருந்தே இவருக்கு இடது கண் மங்கல். குத்துச்சண்டை லைசென்ஸுக்குக் கண் சோதிக்கும் டாக்டரைத் தாண்ட முடியாது என்று நீங்கள் கையைப் பிசைந்தபோது, அவர் அறையில் மாட்டியிருக்கும் எண் அட்டையைப் படம் எடுத்து அனுப்புங்கள் என்று யோசனை சொன்னவள் நான். பட்டம் வாங்கிய படிப்புக்கு அப்போதுதான் ஒரு உபயோகம் வந்தது. பாப்பாவுக்குப் பாட்டு சொல்லிக் கொடுப்பது போல வரிவரியாகச் சொல்லிக் கொடுத்தேன். வலது கண்ணுக்கு வேறு அட்டை, அதைப் பார்த்தே படித்துவிடுவார். இடது கண்ணுக்கு நான் கொடுத்ததை ஒப்பித்தார். டாக்டர் கை குலுக்கினாராம். அப்புறம் மேடையில் எதிரே நின்ற சாம்பியனின் வலது கை எட்டு ரவுண்டும் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியும். தெரியாத ஒரே ஆள் இவர்தான்.

இப்போது அந்தக் கண்ணில் வெளிச்சமும் நிழலும்தான். ஆள் வருவது தெரியும், யார் என்று தெரியாது. போன மாதம் பாப்பா இடது பக்கமாக ஓடி வந்து கட்டிக்கொண்டாள். திடுக்கிட்டு முழங்கையை வீசிவிட்டார். உதடு கிழிந்து இரண்டு தையல். படியில் விழுந்தேன் என்று சொல்லு என அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன், நாலு வயசுக் குழந்தை பிசகாமல் சொன்னாள். இவர் அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு அந்தப் படியைத் திட்டினார்.

இந்தத் தடவை அட்டையை மாற்றிவிட்டார்கள் என்று புதுப் படம் அனுப்பியிருந்தீர்களே, அதைத்தான் சொல்ல வந்தேன். இப்போதெல்லாம் போன் திரையைப் பார்த்தால் இவருக்குத் தலை வெடிக்கிறது. அதனால் நான் படிக்க, இவர் கேட்டு உருப்போட்டார். ஏழு வரி. முன்பு இரண்டே நாள், இப்போது ஒன்பது நாள் ஆயிற்று. குளிக்கும்போதும் துணி உலர்த்தும்போதும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் வரியில் ஒரு எண்ணை விட்டுவிட்டால் தன் நெற்றியில் தானே குட்டிக்கொண்டார். ஒன்பதாம் நாள் பிசகில்லாமல் சொல்லிவிட்டு, பாப்பாவைக் கைதட்டச் சொன்னார். சரியா இருக்கா என்று என்னைக் கேட்டார். நீங்களே போனைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நீ சொல்லிக் குடுத்தது எதுக்குடி தப்பாப் போவுது?"

அண்ணா, அதில் ஒரு வரிகூட அட்டையில் இல்லை. ஏழு வரியும் நானாக எழுதிய எண்கள்.

கண் தெரியவில்லை என்று மட்டும் டாக்டர் எழுதினால் நீங்கள் விடமாட்டீர்கள், எனக்குத் தெரியும். இன்னும் கண்டிப்புக் குறைந்த டாக்டர் இருக்கிற இன்னொரு ஊரைத் தேடிப் பிடிப்பீர்கள். இல்லாத எண்களை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒப்பித்தால் அது மோசடி. மோசடி என்று ஒரு தடவை எழுதிவிட்டால் எந்த ஊர் மேடையும் கிடையாது, கூண்டும் கிடையாது. அவமானம்தான். உங்கள் பேரும் கெடும். அதையெல்லாம் ஒன்பது நாளும் யோசித்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போனேன்.

பிறகு உங்களுக்கு ஏன் எழுதுகிறேன்? வியாழக்கிழமை இவர் அங்கே வந்து இறங்கியதும், விமான நிலையத்திலிருந்து வரும் வழியிலேயே காரில் ஒரு தடவை ஒப்பிக்கச் சொல்வீர்கள். படம் உங்களிடம் இருக்கிறது, முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவீர்கள். டாக்டரிடம் போவதற்கு முன் திருத்த ஒரு நாள் போதும் என்று நினைப்பீர்கள். போதாது என்று சொல்ல மாட்டேன். உங்களுக்காக என்றால் இரவெல்லாம் உட்கார்ந்து படிப்பார்.

திருத்தாதீர்கள். காரில் ஒப்பிக்கட்டும், சபாஷ் என்று சொல்லுங்கள்.

டாக்டர் நிறுத்தும்போது தனக்குத்தான் மறந்துவிட்டது என்று நினைப்பார். நினைக்கட்டும். நான்தான் செய்தேன் என்று தெரிந்தால் ஒரு வாரத்தில் என்னை மன்னித்துவிட்டு, வேறு யாரிடமாவது பாடம் கேட்கப் போய்விடுவார். தன் தலையில்தான் கோளாறு என்று நம்பினால் வீட்டில் இருப்பார். என்மேல் கோபப்படுங்கள். உங்கள் வீட்டு வாசலை நான் இனி மிதிக்கக் கூடாது என்றாலும் சரி. என்னை இவருக்குக் கட்டிக் கொடுத்தவர் நீங்கள். இன்னொரு தடவை கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அந்த அறையில் அவர் உங்கள் பக்கம் திரும்புவார். மச்சான், சரியாத்தானே சொன்னேன் என்று கேட்பார். பதில் எதுவும் சொல்ல வேண்டாம். சட்டையை எடுத்து மாட்டிவிட்டு, கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்துவிடுங்கள். பிடித்த கையை வீடு வரைக்கும் விடாதீர்கள்.

நீங்களும் அண்ணியும் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை