நின்ற இடத்திலேயே தீரும் சார்ஜ்

நவ. 10, திங்கள்

விடியலிலிருந்து தூறல். கும்பகோணம் ரயில் தாமதம். மச்சினன் மகள் கல்யாணம் முடிந்து தாம்பரத்தில் இறங்கினோம். நாலு பை, ஒரு தேங்காய் மூட்டை, சாரதாவின் முழங்கால் வலி.

ஸ்டேஷன் பார்க்கிங்கில் எலக்ட்ரிக் கார். வியாழக்கிழமை விட்டுப் போனபோது பாதிக்கு மேல் சார்ஜ். இன்று பார்த்தால் ஐந்து சதவீதம். முதலில் ஐம்பது என்று படித்துவிட்டேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். ஐந்துதான். யாரும் ஓட்டவில்லை, யாரும் தொடவில்லை. நின்றபடியே தின்று தீர்த்திருக்கிறது.

ஏ.சி. போடாமல் உருட்டினேன். காரின் முன்கண்ணாடி முழுக்க ஆவி. சாரதா புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே வந்தாள். சானடோரியம் ஸ்டேஷன்கூடத் தாண்டவில்லை. திரையில் ஏதோ ஆமைப் படம், வண்டியும் ஆமையாக ஊர்ந்தது. பிறகு வண்டி நின்றேவிட்டது. ஜி.எஸ்.டி. ரோடு, திங்கட்கிழமை காலை. பின்னால் ஊரே ஹாரன் அடித்தது.

காலியாக வந்த ஆட்டோக்காரர் ஒருவர் இறங்கி வந்து ஓரமாகத் தள்ளிவிட்டார்.

"இன்னா சார், சார்ஜ் பூட்ச்சா?"

"நாலு நாளா நின்ன வண்டிப்பா. எப்படிப் போகும்?"

"அதான் சார் பேஜாரு. அம்மா கால் நோவோட நின்னுகினு கீறாங்க பாரு. நீ வண்டிய பாத்துக்கோ, நான் அவங்கள வூட்டாண்ட உட்டுர்றேன்."

சாரதா ஆட்டோவில் அஸ்தினாபுரம் வீட்டுக்கு. இழுவை வண்டி வரும்வரை நான் நனைந்தபடி.

ஏறும்போது அவள் சொன்னது: "அரவிந்துக்கு ஒரு போன் போட்டா காரணம் சொல்லிடுவான்."

போடவில்லை. கார் அவன் வாங்கியது. கோயம்புத்தூர் அறையில் சார்ஜ் போட வசதி இல்லை என்று இங்கே விட்டுப் போனான். நிரந்தர வேலையை உதறிவிட்டு, நண்பர்களோடு கம்பெனி நடத்தப் போன மகன். ஆடி மாதத்திலிருந்து அவனோடு நான் பேசுவதில்லை. கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. காரை மட்டும் ஓட்டுகிறேன், சாரதாவின் முழங்காலுக்காக. இதை அவள் சொல்லிக்காட்டாத நாள் இல்லை.

நவ. 11, செவ்வாய்

விட்டுவிட்டு மழை. தும்மல்.

போர்ட்டிகோ ப்ளக்கில் ஈரம், ஷாக் அடிக்கிறது. எலக்ட்ரீஷியன்: "காய்ஞ்சாதான் சார் கை வைக்க முடியும்." நேற்று இழுவை வண்டிக்காரர் குரோம்பேட்டையில் சார்ஜ் போடும் இடத்தில்தான் கொண்டுபோய் விட்டார். எழுபது வரை ஏற்றிக்கொண்டு வந்தேன். இன்று காலை அறுபத்தொன்று. பூட்டிய கேட்டுக்குள்!

பக்கத்து வீட்டுப் பூனை பானெட் மேல் தூங்குகிறது. விரட்டப் போய்த் தொட்டால் லேசான சூடு. ராத்திரி முழுக்க நின்ற காரில் என்ன சூடு?

வாங்க: தைலம், முட்டிப் பட்டை, தயிர், பல்பு.

கஸ்டமர் கேர். பாட்டு. மறுபடி பாட்டு. கடைசியில் ஒரு குரல்: "அது நார்மல்தான் சார்." எது நார்மல் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார்கள்.

நவ. 12, புதன்

வண்டலூர் பக்கம் சர்வீஸ் சென்டர். பாதி நாள் போச்சு. டீ நன்றாக இருந்தது, அது ஒன்றுதான்.

லேப்டாப்போடு ஒரு இளம்பெண்.

"சார், செக்யூரிட்டி மோடு ஆன்ல இருக்கு. பக்கத்துல யார் போனாலும் கேமரா முழிச்சுக்கிட்டு ரெக்கார்ட் பண்ணும். ஸ்டேஷன் பார்க்கிங்னா கேக்கவே வேணாம், வண்டி தூங்கவே தூங்காது."

"நான் எதையும் ஆன் பண்ணலையேம்மா."

"போன்ல இருக்கற ஆப்லேர்ந்து பண்ணியிருக்காங்க சார். அதே ஆப்ல தினம் காலைல லைவ் கேமரா வேற பாக்கறாங்க. அதுவும் சார்ஜ் இழுக்கும். ஆப் யார் போன்ல இருக்கு?"

அதை விடும்மா, அணைக்க வழி சொல் என்றேன். திரையில் எப்படி அணைப்பது என்று காட்டினாள். அணைத்தேன்.

வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். என் வீட்டு வாசலில் நிற்கும் காருக்குக் கோயம்புத்தூரிலிருந்து காவல்!

நவ. 13, வியாழன்

காலையில் மறுபடி ஆன். நான் அணைத்ததை அவன் போட்டிருக்கிறான். தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்.

சாரதா காபி ஆற்றுவதை நிறுத்தவில்லை. "கத்தாதீங்க. எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"அவன் காரைப் பாக்கலைங்க. உங்களைத்தான் பாக்கறான். போர்ட்டிகோல நீங்க பேப்பர் படிக்கறது அந்தக் கேமரால நல்லா தெரியுதாம். பாத்துட்டு எனக்கு போன் பண்ணுவான். 'அப்பா ரொம்ப இருமறாரும்மா, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ'ன்னான் போன மாசம்."

"உங்கூட தினம் வீடியோல பேசறானே, அதுல பாக்க வேண்டியதுதானே?"

"அவன் முகம் தெரிஞ்சாலே எழுந்து போயிடறீங்களே."

"வேவு பாக்கறான்."

"அப்படியே வெச்சுக்கங்க."

சாப்பாடு வேண்டாம் என்றேன். பிறகு சாப்பிட்டேன். சாயங்காலம் நாற்காலியைக் காருக்குப் பின்பக்கம் போட்டு உட்கார்ந்தேன். பின்னாலும் கேமரா உண்டு என்று சாரதா ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

நவ. 14, வெள்ளி

வெயில். பிசியோதெரபிக்குப் போய் வந்தோம். சாரதா இன்று கைப்பிடியைப் பிடிக்காமல் நாலு படி ஏறினாள்.

பேப்பரை ஹாலில் வைத்துப் படித்தேன். வெளிச்சம் போதவில்லை. எழுத்து எல்லாம் எறும்பு. என் வீட்டில், ஒரு காருக்குப் பயந்து ஒளிந்துகொண்டிருக்கிறேன்.

சமையலறையில் அவள் போன். மெல்லிய குரல்: "நல்லாத்தான்டா இருக்கார். உள்ள உக்காந்திருக்கார்... இல்லடா, உடம்புக்கு ஒண்ணுமில்ல. கோவம்தான்."

எரிச்சல். யார் மேல் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

நவ. 15, சனி

எலக்ட்ரீஷியன் வந்து ப்ளக்கை மாற்றினார். காரில் பார்த்தால் சார்ஜ் மறுபடி இறங்கியிருக்கிறது. தாங்க முடியவில்லை. நானே அரவிந்துக்குப் போட்டேன். முதல் ரிங்கிலேயே எடுத்தான்.

"அப்பா? அம்மாவுக்கு என்ன ஆச்சு?"

"அவளுக்கு ஒண்ணுமில்ல. அந்த எழவெடுத்த மோடை ஆஃப் பண்ணு. உங்கம்மா அன்னிக்கு மழையில நடுரோட்ல நின்னா, தெரியுமா?"

"அம்மா சொன்னாங்கப்பா. ஸ்டேஷன்ல யாராவது வண்டியில கை வெப்பாங்களோன்னுதான் போட்டேன். இவ்ளோ இழுக்கும்னு நினைக்கல. ஸாரிப்பா. இப்பவே ஆஃப் பண்ணிடறேன்."

"பண்ணு."

அவனும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.

"என்னைப் பாக்கணும்னா போன் பண்ணு. எடுக்கறேன்."

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். போகவில்லை.

"அப்பா."

"என்ன?"

"அந்த வெள்ளைப் பனியனைத் தூக்கிப் போட்டுடுங்க. முதுகுல பெரிய ஓட்டை."

கழற்றிப் பார்த்தேன். இருக்கிறது.