கோயில் ஏலத்துப் பூசணிக்காய்

1936 ஜூலை 6, திங்கள்

சாரலில் மிளகு மூட்டை நமத்துப்போகிறது. கடையில் கரிச்சட்டி வைத்து அனல் காட்டினேன்.

நேற்று ஆராதனை முடிந்ததும் எங்கள் குருவானவர் மாசிலாமணி ஐயர் வண்டி கட்டிக்கொண்டு குற்றாலம் போனாராம். யாரைப் பார்க்க? என் மகள் தெபோராளை! அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடும் சங்கிலிப்பாண்டியைச் சபைக்கு வெளியே தாலி கட்டிக்கொண்டாள் என்று ஈஸ்டர் கழிந்து அவளை நற்கருணையிலிருந்து விலக்கி வைத்தோம். சபைக் கமிட்டியில் முதலில் தூக்கின கை என் கை. விலக்கை வாசித்தவர் இதே ஐயர். வாசலை அடைத்துவிட்டுக் கொல்லை வழியாகப் போவது என்ன நியாயம்?

ஜூலை 8

கேட்டேவிட்டேன். "ஐயரே, விலக்கினதும் நீங்க, வீடு தேடிப் போறதும் நீங்களா?"

"நற்கருணைப் பந்தியில இருந்துதான் விலக்கினேன் அண்ணாச்சி. ஜெபத்துல இருந்து இல்லை."

"அப்பொ தண்டனைக்கு என்ன மரியாதை?"

"திரும்பி வரணும்னுதானே விலக்கினோம்? வாற வழியில ஒரு ஆளாவது நிக்கணும்லா."

"அது நான் இல்லை" என்றேன். "உங்களை நான் சொல்லவே இல்லையே" என்று சிரித்தார்.

பிறகுதான் தெரிந்தது, என் வீட்டுக்காரி ஞானவடிவு அழுதுகொண்டே போய் விலக்கை எடுத்துவிடச் சொல்லியிருக்கிறாள். "அவளே வந்து கேட்கட்டும் அம்மா, அதுக்கு முந்தி எடுக்கமாட்டேன்" என்றிருக்கிறார். ஆக அவளுக்கும் அவர் மேல் கோபம், எனக்கும் கோபம். இப்படி ஒரு மனுஷர்.

ஆகஸ்ட் 19

தெபோராள் முழுகாமல் இருக்கிறாளாம். சந்தையில் வளையல்காரி நூர்நிஷா சொன்னாள். நான் கேட்காத மாதிரி நடந்தேன்.

அக்டோபர் 4, ஞாயிறு

ஸ்தோத்திரப் பண்டிகை. அவரவர் விளைச்சலைக் கொண்டுவந்து பீடத்தின் முன் வைத்தார்கள். வாசலில் சங்கிலிப்பாண்டி, எண்ணெய் ஏறிய வேட்டி, தோளில் ஒரு பூசணிக்காய். "விலக்குப்பட்ட வீட்டுக் காணிக்கையை வாங்கப்படாதுவே" என்று மணியடிக்கிற கோயில்பிள்ளை மறித்தான். ஐயர் அங்கியோடு இறங்கிப் போய்த் தானே வாங்கிவந்து மற்றக் காய்களோடு வைத்தார்.

பிறகு காணிக்கைக் காய்களின் ஏலம். வருஷா வருஷம் முதல் கேள்வியும் நான்தான், கடைசிக் கேள்வியும் நான்தான். பூசணிக்காயைத் தூக்கிக் காட்டியபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லாக் கண்ணும் என் மேல். பெண்கள் பக்கத்திலிருந்து ஞானவடிவும் பார்த்தாள். நான் துண்டைச் சரிசெய்துகொண்டு சும்மா இருந்தேன். கடைசியில் ஐயரே கேட்டு எடுத்துக்கொண்டார்.

வெளியே வரும்போது, "மாமா, அவ நட்ட கொடி..." என்று சங்கிலிப்பாண்டி ஆரம்பித்தான்.

"யாருலே மாமா?"



அக்டோபர் 5

ஐயர் வீட்டம்மா பூசணியில் பாதியைக் கொடுத்தனுப்பியிருக்கிறார். ஞானவடிவு கறி வைத்தாள். ஒரு வாய் வைத்துவிட்டுத் தள்ளினேன். "உப்பில்லை" என்றேன்.

உப்பு இருந்தது.

நவம்பர் 16

சங்கிலிப்பாண்டி நனைந்துகொண்டு கடைக்கு வந்தான். "வலி கண்டு நேத்துல இருந்து கிடக்கா. உங்களையே கேக்குதா. ஒரு எட்டு வந்து பார்த்துட்டுப் போங்க."

செங்கோட்டைச் சரக்கு நிறுவையில் இருந்தது. "பார்ப்போம்" என்றேன். வேண்டாதவனுக்குக் கடையில் சொல்லுகிற 'பார்ப்போம்'.

ஞானவடிவு என்னிடம் கேட்காமல் ஐயர் வண்டியில் ஏறிப் போய்விட்டாள். மழை விடட்டும், காலையில் போகலாம்.

நவம்பர் 16

காலையில் போனேன். போயிட்டா. என் பிள்ளை போயிட்டா.

ஆண் குழந்தை. அது இருக்கிறது.

நவம்பர் 19

நேற்று எழுத முடியவில்லை. நேற்றுத்தான் அடக்கம்.

கடைசியில் தெபோராளே கேட்டாளாம். ஐயர் விலக்கை எடுத்து, நற்கருணை கொடுத்திருக்கிறார். அதை வாங்கின பிறகும் கதவைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள் என்று ஞானவடிவு சொன்னாள். "அப்பா வந்தாச்சா, வந்தாச்சான்னு கேட்டா."  

விலக்கில் இருந்தவர்களுக்கு இங்கே சாவு மணி அடிப்பதில்லை. கமிட்டிக்காரர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். அடியுங்கள் என்று ஒரு சொல் சொல்லலாம். ஏன் வாய் வரவில்லை எனக்கு? ஐயர்தான் கோயில்பிள்ளையிடம் சத்தம் போட்டார்: "அவ சபைப் பிள்ளை. கயித்தைப் பிடிலே!"

1937 மார்ச் 2

குற்றாலம் வரை போனேன். அருவியில் தண்ணீர் இல்லை. சங்கிலிப்பாண்டி வீட்டு வாசலில் பூசணிக்கொடி காய்ந்து கிடந்தது. கூப்பிடாமல் திரும்பிவிட்டேன்.

அக்டோபர் 3, ஞாயிறு

பண்டிகை. சங்கிலிப்பாண்டி தோளில், அவள் கொடியின் விதையில் முளைத்த பூசணிக்காய். இந்தத் தடவை கோயில்பிள்ளை மறிக்கவில்லை. ஏலத்துக்கு வந்ததும் கேட்டேன். எதிர்த்து யாரும் கேட்கவில்லை, முதல் கேள்விக்கே முடிந்துவிடும் போலிருந்தது. மனசு ஒப்பவில்லை. என் கேள்விக்கு மேல் நானே ஏற்றினேன். திரும்பவும் ஏற்றினேன். "அண்ணாச்சி தனக்குத்தானே போட்டி போடுதாவ" என்று யாரோ சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. நான் ஏற்றிக்கொண்டே இருந்தேன்.

ஐயர் எழுந்து வந்தார். "போதும் அண்ணாச்சி. எவ்வளவு குடுத்தாலும் ஈடாகாது. சும்மா கையை நீட்டுங்க" என்று என் கையில் வைத்தார்.

வாசலில் சங்கிலிப்பாண்டி, இடுப்பில் பிள்ளை. நான் நின்றேன். அவனும் நின்றான். "பாரமா இருக்கும். இங்கன குடுங்க மாமா" என்று காயை வாங்கிக்கொண்டு, பிள்ளையை என்னிடம் கொடுத்தான். அவள் நெற்றி. அப்படியே அவள் நெற்றி.

மத்தியானம் அவனும் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டான். ஞானவடிவு அழுதுகொண்டே வைத்த கறி. உப்பில்லை. இன்று மெய்யாகவே இல்லை.

ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டேன்.